தலையைப் பிடித்திருந்தவன்

அன்று அந்தத் திடலில் யார் யார் இருந்தார்கள் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். இப்போதெல்லாம் எந்தக் கல்யாண வீட்டுக்குப் போனாலும், "நானும் அங்கதான் நின்னேன், என் கண்ணு முன்னாலதான் விழுந்தாரு" என்று சொல்ல இரண்டு பேராவது வந்துவிடுகிறார்கள். இருந்தவர்கள் இவ்வளவுதான். எங்கள் தோட்டத்து அணி. சிம்பாங் அம்பாட்டிலிருந்து வந்த அணி. கரையில் மாற்று ஆட்டக்காரர்களாக உட்கார்ந்திருந்த சிலர். விசில் ஊதிய மலாய்க்கார வாத்தியார்; அவரை எல்லோரும் சிக்கு என்றுதான் கூப்பிடுவார்கள். என் வீட்டுக்காரரின் பெரியப்பா, அதாவது எனக்குப் பெரிய மாமா. என் நாத்தனார். மோட்டார் சைக்கிளில் பெட்டி கட்டி ஐஸ்கிரீம் விற்கும் மலாய்க்காரப் பெரியவர். கோயிலில் பந்தி முடிந்து அண்டா கழுவிய ஈரக் கையோடு வந்து நின்ற மூன்று பெண்கள். அப்புறம் நான். டாக்டர் இல்லை, மிஸ்ஸி என்று நாங்கள் சொல்லும் நர்ஸ் இல்லை, முதலுதவி தெரிந்தவர் ஒருவரும் இல்லை. என் வீட்டுக்காரர் விழுந்த பிறகு கண்டுபிடித்ததல்ல இது. ஆட்டம் தொடங்குவதற்கு முன்பே ஒவ்வொரு முகமாகப் பார்த்து, இல்லை என்று எனக்குத் தெரிந்திருந்தது.

எங்கே போனாலும் நான் அப்படித்தான் பார்ப்பேன். பஸ்ஸில் ஏறினால் அவசரக் கதவு எங்கே இருக்கிறது, கல்யாண மண்டபத்தில் சமையல் கேஸை எந்தப் பக்கம் வைத்திருக்கிறார்கள், உம்பாயில் மீன் சாப்பிடப் போனால் பிள்ளைகள் உட்காரும் நாற்காலிக்கும் கடலுக்கும் நடுவில் கம்பி இருக்கிறதா. இரண்டாம் படிவத்தோடு, பதினான்கு வயதில், பள்ளிக்கூடத்தை விட்டவள் நான். அம்மா வேலைக்குப் போய்விடுவார், தம்பி தங்கைகள் மூன்று பேரும் என் பொறுப்பு. அடுப்பை அணைத்தேனா, தண்ணீர்த் தொட்டியை மூடினேனா, கதவைப் பூட்டினேனா என்று அந்த வயதில் பிடித்த பயம் கல்யாணம் ஆன பிறகும் விடவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் பந்து விளையாடுகிற ஆளை வேறு கட்டிக்கொண்டேன். கரையில் நின்று நான் கத்தாத ஆட்டம் கிடையாது. "பார்த்து, பார்த்து" என்று கத்துவேன். அவர் கூட்டாளிகள் என்னை இரண்டாவது விசில் என்பார்கள். கேலிதான். ஆனால் அந்தக் கேலிக்குள் ஒரு விஷயம் இருந்தது. அன்றைக்குத்தான் எனக்கு அது விளங்கியது. எப்போதும் கத்துகிறவளின் சத்தம் யார் காதிலும் ஏறுவதில்லை.

தோட்டத்தில் இப்போது வீடுகள் இல்லை. லயங்களை இடித்துவிட்டார்கள். நாங்கள் எல்லோரும் குருபோங் பக்கம் தாமான் குடியிருப்பு வீடுகளுக்கும் சிம்பாங் அம்பாட்டுக்கும் போய்விட்டோம். கோயிலும் திடலும் மட்டும் செம்பனை மரங்களுக்கு நடுவில் அப்படியே இருக்கின்றன. திருவிழா முடிந்து வரும் ஞாயிற்றுக்கிழமை மத்தியானத்துக்கு மேல் பந்து விளையாட்டு. அது ஒரு வழக்கம். பெரிய போட்டி ஒன்றுமில்லை, ஒரு கோப்பை, ஒரு கடா ஆடு. ஆனாலும் அந்த ஒரு நாளுக்காக எங்கள் ஆட்கள் மூன்று மாதம் ஓடிப் பழகுவார்கள். என் வீட்டுக்காரர் தற்காப்பு ஆட்டக்காரர், கோலுக்கு முன்னால் நிற்பவர். உயரத்தில் வருகிற பந்து எல்லாம் அவருடையது. முப்பத்தைந்தைத் தாண்டி, கம்பெனி ஃபோர்க்லிஃப்ட்டில் உட்கார்ந்து உட்கார்ந்து இடுப்பு பருத்திருந்தாலும், தலைக்கு மேலே ஒரு பந்து வந்துவிட்டால் எங்கிருந்துதான் வருமோ அந்தத் தாவல். அது மழை இல்லாத வாரம். தரை சுட்ட செங்கல் மாதிரி இருந்தது.

இரண்டாம் பாதியில்தான் நடந்தது. சிம்பாங் அம்பாட் அணியில் ஒன்பதாம் எண் சட்டை போட்ட ஒரு பையன். இருபத்திரண்டு, இருபத்து மூன்று வயது இருக்கும். முதல் பாதியிலிருந்தே அவருக்கும் அவனுக்கும் முட்டல். அவன் தோளால் இடிப்பான், இவர் முழங்கையால் திருப்பித் தருவார். இரண்டு பேரும் சிரித்துக்கொண்டே செய்தார்கள். "கோழித்தீனி தின்னு வளர்ந்தியாடா?" என்று இவர் கேட்டதும், "கோழிதாண்ணே தின்னேன், தீனிய உங்களுக்கு வச்சிருக்கேன்" என்று அவன் சொன்னதும் கரையில் நின்ற எனக்கே கேட்டது. பிறகு மூலையிலிருந்து ஒரு பந்து உயர வந்தது. இவர் எழும்பினார். அவன் அரை நொடி பிந்தி ஓடி வந்து எழும்பினான். அவன் தோள் இவர் இடுப்புக்குக் கீழே போனது. இவர் உடம்பு அந்தரத்தில் அப்படியே புரண்டு, கால் மேலேயும் தலை கீழேயுமாக வந்து விழுந்தது. கையை ஊன்ற நேரமில்லை. தலையும் கழுத்தும்தான் முதலில் தரையைத் தொட்டன. அந்தச் சத்தத்தை நான் எழுதப் போவதில்லை.

எல்லோரும் ஓடினார்கள். நானும் ஓடினேன். அவர் மல்லாந்து கிடந்தார். கண் திறந்திருந்தது. "கை ரெண்டும் மரத்துப் போச்சு. ஊசி குத்துற மாதிரி இருக்கு" என்று மெதுவாகச் சொன்னார். காலைப் பற்றி அவர் ஒன்றும் சொல்லவில்லை. நான் கேட்கவும் இல்லை, பயம். எங்கள் தாமானில் சாரத்திலிருந்து விழுந்த ஒரு கொத்தனார் இருக்கிறார். கழுத்துக்குக் கீழே ஒன்றும் இல்லை. அவர் மனைவி காலையும் மாலையும் அவரைப் புரட்டிப் போடுவதை ஜன்னல் வழியாகப் பார்த்திருக்கிறேன். அந்த ஜன்னல்தான் என் கண்ணுக்கு முன்னால் வந்து நின்றது. இவர் எழுந்து நடப்பாரா, இல்லை அந்தக் கட்டில்தானா. அதற்கு மேல் எனக்கு வேறு எந்த யோசனையும் இல்லை.

அந்தத் திடலில் போன் லைன் கிடைக்காது. அவர் விழுந்த கோலுக்குப் பின்னாலேயே, வடக்கு ஓரத்தில், பழைய தண்ணீர்த் தொட்டி இருந்த சிமெண்டு மேடு ஒன்று உண்டு. அதன் மேல் ஏறி நின்றால்தான் கிடைக்கும். அவரை அங்கேயே விட்டுவிட்டு மேட்டுக்கு ஓடினேன். ஆம்புலன்ஸுக்கு 999 அடித்தேன். எடுத்தது ஒரு மலாய்க்காரப் பெண். நிதானமாகப் பேசினார். இடம் கேட்டார், வயது கேட்டார், எப்படி விழுந்தார் என்று கேட்டார். நான் சொல்லி முடிக்கும் முன்பே, "ஜாங்கான் கெராக்கான் டியா, காக்" என்றார். அவரை அசைக்காதீர்கள், அக்கா. தலை எப்படி இருக்கிறதோ அப்படியே ஒருவர் இரண்டு கையாலும் பிடித்துக்கொள்ளட்டும், தண்ணீர் கொடுக்க வேண்டாம், ஆம்புலன்ஸ் கிளம்பிவிட்டது, போனை வைக்காதீர்கள் என்றார்.

நான் மேட்டில் இருக்கிறேன், அவர் அங்கே கிடக்கிறார். இறங்கினால் லைன் போய்விடும். திரும்பிப் பார்த்தால் பெரிய மாமா இடுப்பிலிருந்த கைலியை அவிழ்த்துத் தரையில் விரித்துக்கொண்டிருக்கிறார். உள்ளே அரைக்கால் சட்டை போட்டிருந்தார். எங்கள் ஆட்களுக்கு அதுதான் தெரியும். தோட்டத்தில் பாம்பு கடித்தாலும், மரம் சாய்ந்தாலும், பிரசவ வலி வந்தாலும், கைலியை விரித்து ஆளைப் போட்டு, நாலு மூலைக்கு நாலு பேர் பிடித்து, பெரிய ரோடு வரைக்கும் ஓட்டமாகத் தூக்கிப் போவார்கள். பெரிய மாமா தன் பெண்சாதியையே அப்படித் தூக்கிப் போய்த்தான் தாயும் பிள்ளையுமாகக் காப்பாற்றினார். அவருக்குக் கைலி என்றால் உயிர். அவரிடம் தப்பு இருந்ததாக நான் இன்றைக்கும் நினைக்கவில்லை. அவர் பிள்ளையாக வளர்த்த ஆள் கீழே கிடக்கிறான். தனக்குத் தெரிந்த வழியை அவர் செய்தார்.

"தூக்குங்கடா. பார்த்துக்கிட்டு நின்னா எப்படி? நம்ம டீம் வந்த வேன இந்தப் பக்கம் திருப்பச் சொல்லு. நீ கால் பக்கம் புடி, நான் அக்குளுக்குக் கீழ கையக் குடுக்கிறேன்."

"தூக்காதீங்க மாமா," என்று கத்தினேன். "அசைக்கக் கூடாதாம். போன்ல சொல்றாங்க."

"அவ அப்படித்தான்டா. பந்து உருண்டாலே கத்துவா. நீ புடி."

தொண்டை கிழியக் கத்தினேன். ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. நாத்தனார் மார்பில் அடித்துக்கொண்டு அழுதார். அண்டா கழுவிய பெண்களில் ஒருவர் வாயில் ஊற்றத் தண்ணீர் போத்தலோடு ஓடினார். நாலு பேர் குனிந்துவிட்டார்கள். அப்போதுதான் அந்த ஒன்பதாம் எண் பையன் கூட்டத்தை விலக்கிக்கொண்டு உள்ளே போனான். அவர் தலைமாட்டில் முழங்காலிட்டு உட்கார்ந்தான். இரண்டு கையையும் அவர் காதுகளுக்குப் பக்கத்தில் வைத்து, முழங்கையைத் தன் தொடையில் ஊன்றிக்கொண்டு, தலையைப் பிடித்துக்கொண்டான்.

"ஐயா, அந்த அக்கா போன்ல கேட்டுத்தான் சொல்றாங்க. அசைக்க வேணாம்."

"நீ பேசாத. செய்றதெல்லாம் செஞ்சிட்டு இப்ப வந்து தொடுறியா. கைய எடுடா," என்றார் மாமா.

எங்கள் கோல்கீப்பர் அவன் முதுகில் ஓர் உதை விட்டான். அவன் முன்னால் சாயவில்லை. இன்னொருவன் அவன் சட்டைக் கழுத்தைப் பிடித்துப் பின்னால் இழுக்கப் போனான். அந்தப் பையன் தலையைத் தூக்காமலே சொன்னான். சத்தம் போட்டுக்கூடச் சொல்லவில்லை.

"அடிங்கண்ணே. இழுக்க மட்டும் செய்யாதீங்க. என்ன இழுத்தா இவரு தலையும் கூட வரும்."

சட்டையைப் பிடித்த கை நின்றது. எல்லோருக்கும் அது கண்ணால் தெரிந்தது. அவன் கையும் இவர் தலையும் இப்போது ஒன்று. அவனைத் தொட்டால் இவரைத் தொட்ட மாதிரி. நாலு பேரும் மெதுவாக நிமிர்ந்தார்கள். பெரிய மாமா மட்டும் கைலியின் ஒரு முனையைப் பிடித்தபடி நின்றார். சிக்கு வந்து அவர் தோளில் கை வைத்து, "சாபார், பாக்சிக்" என்றார். பொறுமையாக இருங்கள் பெரியவரே. மாமா அவர் கையைத் தட்டிவிட்டார். ஆனால் குனியவில்லை.

அதற்குப் பிறகு காத்திருந்த நேரம்தான் என் ஆயுளிலேயே நீளமானது. எத்தனை நிமிடம் என்று என்னைக் கேட்காதீர்கள். செம்பனைக்குள்ளே ரோடு இரண்டாகப் பிரியும். ஒன்று திடலுக்கு, இன்னொன்று எண்ணெய் ஆலைக்கு. ஆம்புலன்ஸ் ஆலைக்குப் போய்விட்டால் என்ன செய்வது என்று எனக்குத் தோன்றியது. மேட்டிலிருந்து கத்தி, கோல்கீப்பரை மோட்டார் சைக்கிளில் அந்தச் சந்திக்கு அனுப்பினேன். இந்தத் தடவை நான் சொன்னதைக் கேட்டார்கள். கீழே அந்தப் பையன் அவரிடம் பேசிக்கொண்டே இருந்தான். தூங்கவிடாமல் பேச்சுக் கொடுங்கள் என்று போனில் சொன்னதை நான் கத்தியிருந்தேன். அவன் பேச எடுத்துக்கொண்டது கோழியை. சிம்பாங் அம்பாட்டில் ஒரு கோழிப் பண்ணையில் லாரியில் கோழி ஏற்றும் அட்டெண்டனாம்.

"விடியக்காலையிலதாண்ணே பிடிப்போம். வெளிச்சம் வந்துட்டா கத்தும், பறக்கும். இருட்டுல கையில எடுத்தா பஞ்சு மாதிரி இருக்கும்."

"வாய மூடுடா," என்றார் இவர். "நீ பேசினாலே கோழி நாத்தம் அடிக்குது."

யாரோ சிரித்தார்கள். நானும் மேட்டில் நின்று சிரித்தேன், அழுகையோடு. அந்தச் சிரிப்பு முடிவதற்குள், "வாந்தி வருது" என்றார்.

போனில் சொன்னேன். அந்தப் பெண்ணின் குரல் மட்டும் கொஞ்சம் வேகமானது. மல்லாந்தபடி வாந்தி எடுத்தால் மூச்சுக்குழலுக்குள் போய்விடும், உடனே ஒரு பக்கமாகப் புரட்டுங்கள், ஆனால் மரக்கட்டையைப் புரட்டுகிற மாதிரி உடம்பு முழுவதும் ஒரே நேரத்தில் திரும்ப வேண்டும், தோள் ஒருவர், இடுப்பு ஒருவர், கால் ஒருவர், தலையைப் பிடித்திருக்கிறவர் எண்ண வேண்டும், அவர் எண்ணாமல் யாரும் கையை அசைக்கக் கூடாது. ஒவ்வொன்றாகத் தமிழில் கத்தினேன். அசைக்காதீர்கள் என்று அவ்வளவு நேரம் கத்தியவளே இப்போது அசைக்கச் சொல்கிறேன். வார்த்தை ஒன்று தவறினால் போதும். மேட்டில் உட்கார்ந்துவிட்டேன், போனை மட்டும் தூக்கிப் பிடித்துக்கொண்டு.

தோளுக்கு எங்கள் கேப்டன் வந்தார். காலுக்கு அவர்கள் அணியில் ஒருவன். இடுப்புக்குப் பெரிய மாமா. கைலியைக் கீழே போட்டுவிட்டு, அந்தச் செம்மண்ணில் மண்டியிட்டார். சற்று முன் யாரைக் கையை எடுடா என்றாரோ, அவன் முகத்தைப் பார்த்துக்கொண்டு அவன் எண்ணுவதற்காகக் காத்திருந்தார்.

"மூணுன்னு சொன்னதும்தான் பெரியப்பா. அதுக்கு முன்னால வேணாம்," என்றான் பையன். ஐயா போய்ப் பெரியப்பா ஆகிவிட்டது.

"சொல்லுடா."

"ஒண்ணு. ரெண்டு. மூணு."

திரும்பினார். தலை, தோள், இடுப்பு, கால், எல்லாம் ஒன்றாக. வாந்தி எடுத்தார். மாமா தன் வெறுங்கையால் வாயைத் துடைத்துவிட்டார். மறுபடியும் எண்ணி மல்லாத்தினார்கள். அதன் பிறகு தூறல் விழுந்தது. ஐஸ்கிரீம் பெரியவர் தன் வண்டியிலிருந்து பெரிய குடையைப் பிடுங்கி வந்து முகத்துக்கு நேராகப் பிடித்தார். குடைக்குள் இவர் முகமும் அந்தப் பையனின் கையும் மட்டும் இருந்தன. அவன் நனைந்துகொண்டிருந்தான்.

ஆம்புலன்ஸ்காரர்கள் வந்து கழுத்துப் பட்டையை மாட்டி, பலகையில் ஏற்றிக் கட்டிவிட்டு, "சரி, நீ விடலாம்" என்றார்கள். அவன் விடவில்லை. விட முடியவில்லை. விரல்கள் விறைத்துப்போயிருந்தன. ஒருவர் அவன் கையைத் தேய்த்து விரல் விரலாகப் பிரித்துவிட்டார். நான் மேட்டிலிருந்து இறங்கி ஓடி வண்டியில் ஏறினேன். கதவு மூடும்போது அவன் அங்கேயே மண்டியிட்டிருந்தான். அவனிடம் ஒரு வார்த்தை பேச எனக்குத் தோன்றவில்லை. வண்டி ஒவ்வொரு குழியிலும் இறங்கி ஏறும்போது என் பல் கிட்டிக்கொண்டிருந்தது.

பெரிய ஆஸ்பத்திரியில் படம் பிடித்துப் பார்த்த பிறகு எங்களோடு பேச வந்தவர் ஒரு யாழ்ப்பாணத்து டாக்டர் அம்மா. கண்ணாடி போட்ட, அலுத்த முகம். படத்தை வெளிச்சத்தில் காட்டினார். எனக்கு அதில் ஒன்றும் புரியவில்லை. அடுக்கி வைத்த டப்பாக்களில் ஒன்று மட்டும் முன்னால் தள்ளி நிற்கிற மாதிரி இருந்தது.

"கழுத்தெலும்பு முறிஞ்சு விலகி நிக்குது. உள்ள இருக்கிற நரம்பு நசுங்கேல்ல, கொஞ்சம் அதிர்ந்திருக்கு. ஆப்பரேஷன் செய்து தகடு வைக்கலாம். இதை இப்படியே தூக்கிக்கொண்டு வந்திருந்தா நான் உங்களோட வேற கதைதான் கதைச்சிருப்பன்." பிறகு எங்கள் எல்லோரையும் பார்த்தார். "ஆர் தலையைப் பிடிச்சுக்கொண்டு இருந்தது?"

நான் வாயைத் திறக்கும் முன்பே பெரிய மாமா முன்னால் வந்தார். காலெல்லாம் செம்மண்.

"எங்க ஆளு இல்லம்மா. எதிர் டீம் பையன். நாங்க அவன அடிச்சோம்."

டாக்டர் அம்மா படத்தை இறக்கி உறைக்குள் போட்டார். மாமாவைப் பார்த்து, "அவர் நடப்பார் எண்டு இப்ப சொல்ல ஏலாது. நடக்கிறதுக்கு இடம் இருக்கு எண்டு சொல்லலாம்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அந்த இடம் இருக்கு என்கிற சொல்லைப் பிடித்துக்கொண்டு நான் அத்தனை வாரங்களை ஓட்டினேன். ஆப்பரேஷனுக்குப் பிறகு அவர் கால் பெருவிரல் அசைந்தது. நான் பார்த்தேன், ஆனால் நம்பவில்லை, போர்வை அசைந்ததாக இருக்கும் என்று போர்வையை எடுத்துவிட்டுப் பார்த்தேன். அப்புறம் உட்கார்ந்தார். அப்புறம் இரண்டு கம்பிகளுக்கு நடுவில் நின்றார். விரல் நுனியில் மரமரப்பு மட்டும் போகவில்லை. சட்டைப் பொத்தான் போட இப்போதும் என்னைக் கூப்பிடுவார். பந்து கூடவே கூடாது என்று டாக்டர் அம்மா சொல்லிவிட்டார். இன்னொரு தடவை கழுத்தில் அடி பட்டால் தகடு தாங்காது. ஃபோர்க்லிஃப்ட்டும் வேண்டாம் என்று கம்பெனியில் ஸ்டோரில் உட்கார வைத்துவிட்டார்கள்.

இதற்குள் தோட்டத்து ஆட்கள் மத்தியில் கதை வேறாக வளர்ந்துவிட்டது. சிம்பாங் அம்பாட் பையன் வேண்டுமென்றே காலைத் தட்டிவிட்டான், கறுவி வைத்துச் செய்தான் என்று. அடுத்த வருஷம் அந்த அணியைச் சேர்க்கக் கூடாது என்று கோயில் கூட்டத்தில் பேச்சு எழுந்தது. பெரிய மாமா கூட்டத்தில் வாய் திறக்கிறவர் இல்லை. அன்று எழுந்தார்.

"வேணும்னு செஞ்சவன் ஏன்டா அடி வாங்கிக்கிட்டு அங்க உட்கார்ந்திருந்தான்? கைலிய விரிச்சவன் நான். தடை போடணும்னா என் கைலிக்குப் போடுங்க."

சிரிப்பில் அந்தப் பேச்சு முடிந்தது. ஆனால் மாமா அதோடு விடவில்லை. தன் பழைய மோட்டாரை எடுத்துக்கொண்டு சிம்பாங் அம்பாட் போய், ஒவ்வொரு கோழிப் பண்ணையாக விசாரித்து, அவனைக் கண்டுபிடித்தார். அந்த ஞாயிற்றுக்கிழமைக்குப் பிறகு அவன் பந்தைத் தொடவே இல்லையாம். வர மாட்டேன் என்றானாம். "உனக்கு ஒரு வேளைச் சாப்பாடு போடாம நான் இங்கிருந்து நகர மாட்டேன்லா" என்று லாரிக்கு முன்னால் மோட்டாரை நிறுத்திவிட்டாராம்.

உம்பாயில் கடலோரக் கடை ஒன்றில் சந்தித்தோம். இவரைப் பார்த்ததும் அவன் எழுந்து நின்றான். இவர் கை கொடுத்தார்; ஆனால் கண்ணில் அறிமுகம் இல்லை. தலையில் பட்ட அடியில் ஞாபகம் போய்விட்டதோ, டாக்டர் சொல்லாமல் விட்டுவிட்டாரோ என்று மனம் எங்கெங்கோ ஓடியது. மீன் வந்தது, நண்டு வந்தது, யாரும் சரியாகச் சாப்பிடவில்லை. அந்தப் பையன் தட்டைப் பார்த்துக்கொண்டே, "நான் வேணும்னு செய்யலண்ணே" என்றான்.

அந்தக் குரலைக் கேட்டதும் இவர் தட்டைத் தள்ளி வைத்தார்.

"தெரியும். நீயும் பந்தத்தான் பார்த்த, நானும் பந்தத்தான் பார்த்தேன். அது இருக்கட்டும், கொஞ்சம் எனக்குப் பின்னால வந்து நில்லு."

அவன் குழம்பி என்னைப் பார்த்தான். எழுந்து நாற்காலிக்குப் பின்னால் போனான். இவர் காலைத் தரையில் ஊன்றி, பிளாஸ்டிக் நாற்காலியை முன்னங்கால் தூக்கப் பின்னால் சாய்த்தார். கழுத்தைப் பின்னால் வளைக்க முடியாத மனிதர், நாற்காலியோடு சாய்கிறார். கையிலிருந்த கிண்ணத்தைப் போட்டுவிட்டு எழுந்தேன். அதற்குள் அவன் இரண்டு கையாலும் நாற்காலியின் முதுகைத் தாங்கிப் பிடித்து, என்ன ஆயிற்றோ என்று அவர் முகத்துக்கு மேலே குனிந்தான்.

"ஆ, இவன்தான்," என்றார் இவர். "ஆட்டத்துல பார்த்ததெல்லாம் போயி, உன் மூஞ்சி தலைகீழாத்தானடா மனசுல நிக்குது. தாடை மேல, நெத்தி கீழ. நேரா பார்த்தா யாரோ மாதிரி இருக்க."

அவன் சிரிக்கத் தொடங்கினான். சிரித்துக்கொண்டே இருந்தவன் தோள் குலுங்க ஆரம்பித்தது. பெரிய மாமா தன் தட்டிலிருந்த மீனின் வயிற்றுப் பகுதியைப் பிய்த்து அவன் தட்டில் வைத்தார். நான் மட்டும், "நாற்காலிய இறக்குங்க, முதல்ல நாற்காலிய இறக்குங்க" என்று சொல்லிக்கொண்டிருந்தேன். மெதுவாக இறக்கினான். நாலு காலும் தரையில் படுகிற வரைக்கும் அவன் கை அந்த நாற்காலியை விட்டு வரவில்லை.

அவன் மறுபடியும் விளையாடப் போய்விட்டான். இவர்தான் போகச் சொன்னார். இவருக்கு எப்படி இருக்கிறது என்று கேட்கிறவர்களிடம், நல்லா இருக்காரு, நடக்கிறாரு என்று சொல்கிறேன். ஆனாலும் குளியலறையில் வாளி விழுந்தால் ஓடுகிறேன். கார் பிரேக் போட்டால் என் கை அவர் நெஞ்சுக்கு முன்னால் போகிறது. அந்தக் கொத்தனார் வீட்டு ஜன்னலைப் பார்க்காமல் கடைக்குப் போகப் பழகிக்கொண்டேன்.

போன வாரம் சாயங்காலம், சமையல் முடித்து முன்னறை ஜன்னல் பக்கம் வந்தேன். அவர் கேட்டுக்கு வெளியே ரோட்டில் நின்று குப்பைத் தொட்டியைக் கழுவிக்கொண்டிருந்தார். பக்கத்து வீட்டுச் சின்னப் பெண் ரோட்டின் அந்தக் கோடியில் பந்து உதைத்துக்கொண்டிருந்தாள். ஒரு தடவை அது காலில் நன்றாகப் பட்டுவிட்டது. உயர எழும்பி, இவரைப் பார்த்தே வந்தது. ரப்பர் ஹோஸ் அவர் கையிலிருந்து நழுவியதைப் பார்த்தேன். கண் மேலே போனது. முழங்கால் மடங்கியது. குதிகால் தரையை விட்டுக் கிளம்பியது. பதினைந்து வருஷமாகக் கரையில் நின்று நான் பார்த்த அதே உடம்பு, அதே தயார் நிலை. அடுத்தது தாவல்தான். என் வாய் திறந்துவிட்டது.

பந்து அவர் தலைக்கு மேலே ஒரு முழ உயரத்தில் போய், எங்கள் கேட்டில் இடித்து, சாக்கடைக்குள் விழுந்தது. அவர் குதிகால் மறுபடியும் தரையில் இருந்தது.

"என்ன அங்கிள், தலையால முட்டியிருக்கலாம்லா. சும்மா நிக்கிறீங்க," என்றாள் அந்தப் பெண்.

"அது நல்ல உயரம்மா. என் பந்து இல்ல."

முதுகை வளைக்காமல், முழங்காலை மட்டும் மடக்கி உட்கார்ந்து, பந்தை எடுத்துக் கழுவி, அவளிடம் உருட்டிவிட்டார். எழுந்தவர் உடம்போடு திரும்பி ஜன்னலில் என்னைப் பார்த்தார். கம்பியைப் பிடித்திருந்த என் விரல்களையும் பார்த்திருப்பார்.

"கத்தலியே நீ," என்றார்.

"கத்தினா திரும்பிப் பார்ப்பீங்க," என்றேன். "கழுத்தத் திருப்புவீங்க."